பொருள்: ‘ஹேங்’ ஆவதற்கு ஒரு தமிழ்ச்சொல், வெள்ளிக்கிழமைக்குள்
(குழு உரையாடல்; எழுதுபவர்கள் ஊர்ப்பெயரால் குறிக்கப்படுகிறார்கள்)

திருமங்கலம்:
அனைவருக்கும் வணக்கம். வீட்டுக் கணினிப் பழுதுபார்ப்புக் கையேடு வெள்ளி காலை அச்சகத்துக்குப் போக வேண்டும். படிக்கப்போகிறவர்கள் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள். நான்காம் பாடத்தில்தான் சிக்கல். கணினி எந்த ஒழுங்கும் இல்லாமல், நினைத்த நேரத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. திரையில் படம் இருக்கும், சுட்டி நகராது, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வழியிருக்காது. வரைவில் இதற்கு மூன்று இடத்தில் மூன்று சொல் விழுந்திருக்கிறது: முடக்கம், உறைதல், செயலிழப்பு. ஒன்றை முடிவு செய்து சொல்லுங்கள். வினையாக, பெயராக, பெயரெச்சமாக எப்படி வந்தாலும் நாக்கு தடுக்கக் கூடாது.

திருப்பரங்குன்றம்:
உறைதல். பால் தயிராக உறைகிறது, இரத்தம் உறைகிறது. ஓடிக்கொண்டிருந்தது ஓட்டத்தை இழப்பதே பொருள். ‘முடக்கம்’ ஒருவர் வேண்டுமென்று செய்வது. வங்கிக் கணக்கை முடக்குவார்கள். இந்தக் கணினியை யார் முடக்கினார்? ‘செயலிழப்பு’ நிரல் தானே மூடிக்கொண்டு போவதற்கு ஏற்கெனவே புழங்குகிறது. உறைதலுக்கு ‘தங்குதல்’ என்ற பொருளும் உண்டு. 50ஆம் குறளின் ‘வானுறையும் தெய்வம்’ நினைவிருக்கும். கெட்டியாவதும் தங்குவதும் ஒரே வேர் என்பது என் கருத்து: இரண்டுமே இடம்விட்டு அசையாமை. உறைவிடம், உறையுள், ஏன், உறையூரும்கூட.

அலங்காநல்லூர்:
ஐயா, அப்படியானால் உறைகிணறு? கீழடியில் வெளிப்பட்ட சுடுமண் உறைகிணற்றில் ‘உறை’ என்பது வளையம். தலையணை உறை, வாளுறை எல்லாம் அந்த வகை. அங்கே மூடுதல்தான் பொருள், தங்குதல் அல்ல.

திருப்பரங்குன்றம்:
வாள் தங்கும் இடம் வாளுறை. நீர் தங்கும்படி இறக்கியது கிணற்றுறை. சரிதானே?

அலங்காநல்லூர்:
தலை தங்குவது தலையணையில், உறையில் இல்லை.

மேலூர்:
உறை போதும், கணினிக்கு வாருங்கள். எனக்கு இரண்டு மறுப்பு. ‘உறைநிலை’ பள்ளி இயற்பியலில் வெப்பநிலையைக் குறிக்கும் சொல். ‘கணினி உறைநிலையில் உள்ளது’ என்று பாடத்தில் போட்டால் பிள்ளைகள் பூச்சியம் டிகிரி என்பார்கள். இரண்டாவது, உறைந்தது, உறைத்தது என்ற வேறுபாடு விடைத்தாளில் நிற்காது. ‘கணினி உறைத்தது’ என்று எழுதினால் மிளகாய்க் காரம். என் முன்மொழிவு ‘மரத்தல்’. கால் மரத்துப்போகிறது: உயிர் இருக்கிறது, உணர்வு இல்லை. திரையில் படம் இருந்தும் கணினி எதற்கும் அசையாததை இதைவிட எந்தச் சொல் காட்டும்? கணினி மரத்தது, மரப்பு, மரத்த கணினி.

அலங்காநல்லூர்:
‘மரத்த கணினி’ என்றால் தேக்கா, வேங்கையா அம்மா?
நான் ‘தம்பித்தல்’ சொல்கிறேன். அசைவற்று நிற்கச் செய்வதைச் சித்தர் மரபு தம்பனம் என்று அட்டகருமத்துள், அதாவது எட்டு மாந்திரீகச் செயல்களுள், வைத்தது. பழைய அகராதிகளிலும் உண்டு.

மேலூர்:
ஸ்தம்பத்தின் ‘ஸ்’ஸை உதிர்த்தால் தமிழாகிவிடுமா? ‘கணினி தம்பித்தது’ என்பதைப் படிக்கிற பிள்ளை யாருடைய தம்பி என்று கேட்கும்.

அலங்காநல்லூர்:
‘வடவெழுத்து ஒரீஇ’, அதாவது வடவெழுத்தை நீக்கி, என்று தொல்காப்பியமே இசைவு தருகிறது. அதே வழியில் இன்னொன்று: கடைவீதியில் எல்லோரும் சொல்வது ‘ஹேங்’. கிரந்தத்தை ஒரீஇயினால் ‘ஏங்’. ஏங்குதல் நம் சொல். கணினி ஏங்கி நிற்கிறது! கடைச்சொல்லின் ஓசையும் கெடவில்லை, பொருளும் பக்கத்தில் வருகிறது.

உசிலம்பட்டி:
ஏங்குறது இருக்கட்டும்ணே. ஒரே சொல்லுல மூணு பழுதைக் கட்டுறீங்க. மூணுக்கும் மருந்து வேற.

ஒண்ணு, ஒரு நிரல் மட்டும் நிக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும். அந்த நிரலை மட்டும் மூடிரலாம். கணினி நல்லாத்தான் இருக்கு.

ரெண்டு, சுட்டி நகரும், ஆனா சொடுக்கினா அரை நிமிஷம் கழிச்சுத்தான் எதுவும் திறக்கும், டிஸ்க் விளக்கு அணையாம எரியும். இது பெரும்பாலும் டிஸ்க்கு, இல்லேன்னா அதோட கேபிள். விண்டோஸ் நடந்ததையெல்லாம் பதிஞ்சு வைக்கிற ஈவென்ட் வியூவர்ல, டிஸ்க் பிழையைக் காட்டுற 7, 129, 153 எண்கள் இருக்கான்னு பாக்கணும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறிச்சு வைக்கிற ஸ்மார்ட் அட்டவணையில 05, சி5 (கெட்டுப்போன இடங்களோட கணக்கு) ரெண்டும் ஏறிக்கிட்டே இருந்தா டிஸ்க் சாகுது. முதல்ல கோப்புகளை வேற இடத்துக்கு நகலெடுக்கணும். அதுக்கு முன்னாடி டிஸ்க் சோதனையை முழுசா ஓட விட்டா மிச்ச உயிரும் போயிரும். சி7 (தகவல் போற வழியில வர்ற பிழைக் கணக்கு) மட்டும் ஏறுனா, டிஸ்க்கை மதர்போர்டோட இணைக்கிற சாட்டா கேபிளை மாத்துனாப் போதும். மாத்தின பிறகும் அந்த எண் குறையாது. மேல ஏறாம நின்னா சரியாயிருச்சுன்னு அர்த்தம்.

மூணு, மொத்தமும் நிக்கிறது. கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாக்கணும். விசைப்பலகை விளக்கு மாறுதுன்னா உள்ளே உயிர் இருக்கு, படம் மட்டும் நின்னிருக்கலாம். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நாலையும் சேர்த்து அழுத்துனா கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி எழும். விளக்கே மாறலைன்னா, ஓடுன பாட்டு ஒரே இடத்துல இழுத்துக்கிட்டு நின்னுச்சுன்னா, அதுதான் நீங்க சொல் தேடுற சங்கதி.

திருமங்கலம்:
அண்ணே, இதுதான் பாடத்துக்கு வேண்டியது. மூன்றாவதற்குச் சோதிக்கும் வரிசையையும் சொல்லுங்கள்.

உசிலம்பட்டி:
ராம் (தற்காலிக நினைவகம்), எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் பிரிச்சுக் குடுக்குற பெட்டி), அப்புறம்தான் வெப்பம். ஜனங்க முதல்ல வெப்பத்தைத்தான் சொல்லுவாங்க. பிராசசர் 100 டிகிரிப் பக்கம் போனா தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும், அதையும் தாண்டினா சட்டுன்னு அணைஞ்சிரும். அதனால வெப்பம்னா மந்தமாகும், இல்லே அணையும், நிக்கிறது குறைவு. சித்திரை வெயில்ல தூசியடைச்ச ஃபேனைத் துடைக்க வேணாம்னு நான் சொல்லலை.

ராமுக்கு: மின்செருகியை உருவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடிச்சு மிச்ச மின்சாரத்தை இறக்கணும். ராமைக் கழட்டி, தங்க நிற முனைகளை அழிப்பான்ல லேசாத் தேய்ச்சு, துகளைத் துடைச்சு மாட்டணும். பயாஸ்ல (கணினி கிளம்பும்போது வர்ற அடிப்படை அமைப்புல) எக்ஸ்எம்பி, அதாவது ராமைக் கூடுதல் வேகத்துல ஓட்டுற அமைப்பு, போட்டிருந்தா எடுத்துரணும். அப்புறம் ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86+ நிரல் ராத்திரி முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான். ரெண்டு ராம் இருந்தா ஒவ்வொண்ணாப் போட்டுப் பாக்கணும்.

எஸ்எம்பிஎஸ்: மல்டிமீட்டர்ல 12 வோல்ட் கம்பி 11.4க்கும் 12.6க்கும் நடுவுல, 5 வோல்ட் கம்பி 4.75க்கும் 5.25க்கும் நடுவுல நிக்கணும். கணினி சும்மா இருக்கும்போது அளந்து பிரயோசனமில்லை. வீடியோவோ விளையாட்டோ ஓடுறப்ப அளக்கணும்.

ஈவென்ட் வியூவர்ல ‘கெர்னல்-பவர் 41’ பாத்து எஸ்எம்பிஎஸ் போச்சுன்னு முடிவு பண்ணக் கூடாது. நாம பொத்தானை அமுக்கி அணைச்சதையே அடுத்த தடவை கிளம்பும்போது அப்படிப் பதிஞ்சு வைக்கும்.

ஒரு தடவைக்கு ஒண்ணைத்தான் மாத்தணும். மூணு நாளைக்கு ஒருக்கா நிக்கிற கணினி இன்னைக்கு நிக்கலைங்கிறதுக்காகச் சரியாயிருச்சுன்னு சொல்ல முடியாது.

திருமங்கலம்:
அப்படியானால் மூன்று சொல். ஒரு நிரல் நிற்பது ‘பதிலின்மை’. டிஸ்க்கால் இழுபடுவது ‘திணறல்’. மொத்தமும் நிற்பது ‘உறைதல்’. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘கடைகளில் ஹேங் என்பார்கள்’ என்று ஒரு வரி.

திருப்பரங்குன்றம்:
திணறல் அருமை. மூச்சு இருக்கிறது, முழுதாக வரவில்லை. ஹேங் வரி எதற்கு? பாடநூலே கடைச்சொல்லுக்கு முத்திரை குத்தினால் நம் சொல்லை யார் எடுப்பார்?

உசிலம்பட்டி:
அந்த வரி இல்லேன்னா பிள்ளைக நாலாம் பாடம் எதைப் பத்தினதுன்னே கண்டுபிடிக்காது ஐயா. கடைக்கு வர்ற ஆளு ‘என் கணினி உறைஞ்சிருச்சு’ன்னு சொல்லப்போறதில்லை.

மேலூர்:
இன்று சொல்லவில்லை. ‘மின்னஞ்சல்’ வந்த புதிதில் யார் சொன்னார்? ஹேங் வரியை நீக்குங்கள். உறைதலுக்கும் என் ஒப்புதல் இல்லை. விரிதாளில் மேல்வரிசையை நகராமல் நிறுத்துவதற்கு ‘உறையவை’ என்று இதே குழுதான் சொன்னது. அது பயனர் விரும்பிச் செய்வது, இது பழுது. இரண்டுக்கும் ஒரே வினையா?

திருப்பரங்குன்றம்:
ஒன்று தன்வினை, மற்றது பிறவினை. இலக்கணம் பிரித்துக் காட்டுகிறதே அம்மா.

மேலூர்:
இலக்கணம் பிரிக்கும். பழுது பார்க்க வந்த பிள்ளை பிரிக்குமா?

திருமங்கலம்:
வியாழன் இரவு பத்து மணி வரை வந்த வாக்குகள்: உறைதல் நான்கு, மரத்தல் இரண்டு, ஏங்குதல் ஒன்று. உறைதலோடு அனுப்புகிறேன். ஹேங் வரி ஒரே ஒரு இடத்தில் இருக்கும். ‘உறைநிலை’ எங்கும் வராமல் பார்த்துக்கொண்டேன். ‘உறைந்த நிலை’ என்று பிரித்திருக்கிறேன்.

மேலூர்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மறுபதிப்பில் மீண்டும் எழுப்புவேன்.

அலங்காநல்லூர்:
அந்த ஒரு வாக்கு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். தலையணை உறைக்கு மட்டும் இன்னும் விடை வரவில்லை.

உசிலம்பட்டி:
தங்கச்சி, வரைவுல 12ஆம் பக்கம் படத்துல மஞ்சள் கம்பியை 5 வோல்ட்டுன்னும் சிவப்பை 12ன்னும் போட்டிருக்கு. மஞ்சள்தான் 12, சிவப்பு 5, கறுப்பு பூமி. அதை மாத்திட்டு அனுப்புங்க.