பழைய சிறு லேத்துக்குக் கிளட்ச் பொருத்துவது எப்படி?

கேள்வி (கோத்தகிரியிலிருந்து)

வணக்கம். தேயிலைத் தோட்டப் பட்டறை ஒன்று கழித்துப்போட்ட, மூன்றரை அங்குல மைய உயரமுள்ள கடைசல் இயந்திரத்தை, அதாவது லேத்தைப் பொழுதுபோக்காக ஓட்டி வருகிறேன். அரை எச்பி, 1440 ஆர்பிஎம், சிங்கிள் பேஸ் மோட்டார். அதிலிருந்து ஒரு பெல்ட் பின்புறக் கவுண்டர்ஷாஃப்ட் என்னும் இடைத்தண்டுக்கும், அங்கிருந்து இன்னொன்று வேலைத்துண்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்கும் செல்கின்றன. மரை வெட்டும்போது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்ததில் இந்த ஆண்டு இரண்டு கெப்பாசிட்டர்கள் போய்விட்டன. மார்கழிக் காலையில் மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் மோட்டார் உறுமுகிறதே தவிரச் சுற்றுவதில்லை. ஸ்பிண்டில் முனையில் வேலைத்துண்டைக் கவ்வும் சக்கைக் கையால் தள்ளிக் கிளப்புகிறேன். மொபெட் கிளட்ச் ஒன்று கைவசம் உள்ளது. அதைப் பொருத்தலாமா?

பதில் 1 (குன்னூரிலிருந்து)

சுவிட்ச் போட்டிருக்கும்போது சக்கைக் கையால் தொடும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

மொபெட் கிளட்ச் வேகம் ஏறியதும் தானாகப் பிடிக்கும் வகை. மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, ஸ்பிண்டிலை மட்டும் நாம் நினைத்த இடத்தில் நிறுத்த அது உதவாது. தவிர, தொடக்க முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பதால், 180 வோல்ட்டில் உங்கள் மோட்டாருக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். குளிரில் கெட்டியான எண்ணெயும் சேர்ந்தால் அது நிற்காமல் என்ன செய்யும்? ஆகவே பாரமில்லாமல் கிளப்பி, பிறகு பாரம் ஏற்றும் கூம்பு கிளட்சே (ஒரு கூம்பு இன்னொரு கூம்புக் குழிக்குள் அழுந்திப் பிடிக்கும் வகை) உங்களுக்குப் பொருத்தம்.

அதைக் கவுண்டர்ஷாஃப்ட்டில் வையுங்கள். அது 720 சுற்றில் ஓடுவதாகக் கொண்டால் முறுக்குவிசை சுமார் 5 நியூட்டன் மீட்டர்தான். பெரிய புல்லி ஷாஃப்ட்டின் மேல் புஷ்ஷில் தனியே சுழல வேண்டும். அதன் உட்புறத்தில் அச்சிலிருந்து சுமார் 12 டிகிரி சரிவில் கூம்பைக் குடையுங்கள். 8 டிகிரிக்குக் கீழே போனால் கவ்வியது விடாது. அதற்குள் அழுந்துவதும், ஷாஃப்ட்டோடு சுழன்றபடி அதன் சாவியில் (பள்ளத்தில் செருகிய உலோகக் கட்டையில்) முன்பின் நழுவுவதுமான ஆண் கூம்புக்கு, செருப்புத் தைப்பவரிடம் வாங்கிய அடித்தோலை எபாக்சியால் ஒட்டி, லேத்திலேயே சுழற்றி உப்புத்தாளால் சமன் செய்தேன். சராசரி ஆரம் 40 மில்லிமீட்டர் என்றால், இருமடங்கு பாதுகாப்போடு கணக்கிட்டாலும் 18 கிலோ ஸ்பிரிங் அழுத்தம் போதும். அந்த அழுத்தம் ஷாஃப்ட்டின் முனை பேரிங்கில் ஏறாதபடி ஸ்பிரிங்கின் விசை இரண்டு கூம்புகளுக்கும் இடையிலேயே முடிந்துவிட வேண்டும். நான் முதலில் செய்தபோது இதைக் கவனிக்காமல் ஒரு புஷ்ஷைத் தின்னவிட்டேன். ஆடிச் சாரலில் தோல் ஈரம் குடித்து வெட்டிவெட்டிப் பிடிக்கும். ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டால் சரியாகிவிடும்.

பதில் 2 (உதகையிலிருந்து)

இவ்வளவு உழைப்புக்குப் பதில், மூன்று பேஸ் மோட்டாரை 230 வோல்ட் டெல்ட்டாவில் (முக்கோண இணைப்பில்) இணைத்து, விஎஃப்டி (அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணு டிரைவ்) ஒன்றை வைத்துவிடலாம் என்பது என் கருத்து. பொத்தானை அழுத்தினால் மென்மையாகக் கிளம்பும். மீண்டும் மீண்டும் நிறுத்தினாலும் எரிந்துபோக ஸ்டார்ட் கெப்பாசிட்டர் இருக்காது. ஆனால் மின்னழுத்தம் மிகவும் இறங்கினால் டிரைவ் தானே நின்றுவிடக்கூடும். அந்தக் குறை உங்கள் ஊரில் பெரிதாகத் தெரியலாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. மின்சாரத்தின் நிலை இப்படி இருக்கும்வரை கூம்பே தேவலை என்று தோன்றுகிறது. அத்துடன் ஒரு பிரேக்கும் வைக்கலாமா?

பதில் 1 (குன்னூரிலிருந்து)

உங்கள் சக் ஸ்பிண்டிலில் மரையால் ஏறுவது என்றால் வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் சக் தானே கழன்று மடியில் வந்து விழும். கிளட்சை விடுவித்துவிட்டு, அது ஓய்ந்து நிற்கும்வரை காத்திருங்கள்.