மைனர் 6 கார்ட் பிடிக்க விரல் அமைப்பு சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே, கீபோர்டில் சாதாரண மைனர் கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்த்து வாசிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) ஓரளவு கைக்கு வந்துவிட்டன, இப்போது ஏ மைனர் 6 பழகுகிறேன். முதலில் ஏ மைனர் ஸ்கேலில் வருகிற எஃப்பைத்தான் ஆறாவது ஸ்வரமாகச் சேர்த்து வாசித்துக்கொண்டிருந்தேன், ஏதோ இடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, மைனர் கார்டாக இருந்தாலும் சேர்வது மேஜர் ஆறாவதுதான், அதாவது ஏ, சி, ஈ, எஃப் ஷார்ப். அந்த ஒரு கறுப்புக் கட்டை சேர்ந்ததும் வருகிற ஏக்கமான சத்தம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

சிக்கல் வலது கையில். கட்டைவிரல் ஏ, ஆள்காட்டி சி, மோதிரவிரல் ஈ என்று வைத்துவிட்டுச் சுண்டுவிரலைக் கறுப்புக் கட்டைக்கு ஏற்றினால் அது வழுக்கி எஃப்பையும் சேர்த்து அமுக்கிவிடுகிறது. கையை இன்னும் உள்ளே தள்ளி வாசிக்க வேண்டுமா, இல்லை ஈக்கு நடுவிரலை வைப்பது நல்லதா? இடது கையில் ஏ மட்டும் வைத்து, வலது கையில் மற்ற மூன்றையும் வாசித்தால் சுலபமாக இருக்கிறது, ஆனால் நாலும் ஒரே கையில் வரவேண்டும் என்று ஆசை.

இன்னொன்று, எஃப் ஷார்ப் மைனர் 7 ஃப்ளாட் 5 என்ற கார்டுக்கும் இதே நாலு ஸ்வரங்கள்தானே, பாஸில், அதாவது அடியில் ஒலிக்கும் ஸ்வரமாக, ஏ இல்லாதபோது எது எது என்று காதால் எப்படிப் பிரித்துப் பார்க்கிறீர்கள்?