லேர்னிங் ஆப்ஜெக்ட்: ‘பயில்கூறு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு படம், ஒரு காணொளி, ஒரு பயிற்சி என்று வெவ்வேறு பாடங்களில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய சிறு கணினிவழிப் பாடத்துண்டை ஆங்கிலத்தில் ‘லேர்னிங் ஆப்ஜெக்ட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘கற்றல் பொருள்’ என்று நேற்று ஒருவர் முன்வைத்திருந்தார். எனக்கு அதில் தயக்கம். பொருள் என்றால் அர்த்தமும்தானே. ‘கற்பொருள்’ என்று சுருக்கினாலோ கல்லால் செய்தது போல ஆகிவிடுகிறது. ‘அலகு’ நல்ல சொல்தான். ஆனால் நம் பாடநூல்களில் அலகு 1, அலகு 2 என்று அது முன்பே இடம்பிடித்துவிட்டது.

கணினிவழிக் கற்றல் வல்லுநர் வெய்ன் ஹாட்ஜின்ஸ் 1994-இல் இந்தப் பெயரைக் கொண்டுவந்தபோது லெகோ கட்டைகளை மனத்தில் வைத்திருந்தார். எந்தக் கட்டையும் எதனோடும் பொருந்தும். கல்வித் தொழில்நுட்ப ஆய்வாளர் டேவிட் வைலி அதை ஏற்கவில்லை. அணுவைப் பாருங்கள், எல்லா அணுவும் எல்லாவற்றோடும் சேர்ந்துவிடுவதில்லை என்றார். எனக்கு வைலி பக்கமே நியாயம் படுகிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்ற அறிவியல் கல்வி இணையதளத்தில் கணினித் திரையிலேயே மின்சுற்று அமைத்துப் பார்க்கும் பாவனை (சிமுலேஷன்) ஒன்று உண்டு. பள்ளியில் அதை வைத்து பல்பு எரிய வைக்கலாம், கல்லூரியில் கிர்க்காஃப் விதியைச் சரிபார்க்கலாம். அதையே ஒளிச்சேர்க்கைப் படத்துக்கு அருகில் ஒட்டிவைத்தால் பாடம் ஆகிவிடாது.

முதலில் எனக்குத் தோன்றியது ‘பயில்கண்ணி’. தாயுமானவரின் பராபரக்கண்ணியில் ஒவ்வொரு கண்ணியும் தனியே நின்று பொருள் தரும், தொடுத்தால் மாலையாகும். இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஈழத்தில் வாழ்ந்தவர்களுக்குக் கண்ணி என்றதும் கண்ணிவெடிதான் நினைவுக்கு வரும். பிள்ளைகளின் பாடத்துக்கு அந்தச் சொல் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் ‘மூலக்கூறு’ நினைவுக்கு வந்தது. ஒரு பொருளின் தன்மை மாறாமல் தனித்து நிற்கும் மிகச் சிறிய துகள் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அதே போல, தனியே எடுத்தாலும் ஏதோ ஒன்றைக் கற்பிக்கும் தன்மை மாறாத சிறு துண்டு ‘பயில்கூறு’. மற்றவற்றோடு சேரும், ஆனால் முறைப்படிதான் சேரும். வைலியின் அணுவுக்கும் இது பக்கத்து வீடு.

‘மீள்பயன்’ என்பதையும் பெயரில் சேர்க்க வேண்டும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். திரும்பத் திரும்பப் பயன்படுவது அதன் வரையறையிலேயே இருக்கிறது. பெயரிலும் ஏற்றினால், இவற்றைச் சேர்த்துவைக்கும் இடத்தை ‘மீள்பயன் பயில்கூற்றுக் களஞ்சியம்’ என்று வகுப்பில் யாராலும் சொல்ல முடியாது. ‘பயில்கூற்றுக் களஞ்சியம்’ நாவில் தடங்கலின்றி வருகிறது.

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நண்பர்கள் காதில் ‘பயில்கூறு’ எப்படி விழுகிறது என்று எழுதுங்கள்.