மரியா கோப்பெர்ட் மேயர்: 1930 முதல் 1960 வரை அவர் வகித்த பொறுப்புகள் யாவை?

கேள்வி:
அணுக்கருவின் துகள்கள் அடுக்கடுக்கான கூடுகளில் அமைவதாக விளக்கும் கூடு மாதிரிக்காக 1963 இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்ற மரியா கோப்பெர்ட் மேயரைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் ஒரே தொனியில் இருக்கின்றன: கணவருக்கு வேலை கொடுத்த பல்கலைக்கழகங்கள் அவருக்குக் கொடுக்கவில்லை, முப்பது ஆண்டுகள் சம்பளமின்றி உழைத்தார், பிறகு பரிசு வந்தது. அந்த ஆண்டுகளில் அவர் எந்தப் பொறுப்பில், யாருடன் பணியாற்றினார்? அணுக்கரு ஆய்வுக்கு எப்படி வந்து சேர்ந்தார்? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
சம்பளமே இல்லை என்பது மிகை. ஆனால் கிடைத்ததைச் சம்பளம் என்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. ஜெர்மனியின் கோட்டிங்கெனில் இயற்பியலாளர் மாக்ஸ் போர்னிடம் 1930 இல் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்க வேதியியலாளர் ஜோசப் மேயரை மணந்து பால்டிமோர் சென்றபோது, உறவினர்களை ஒரே நிறுவனத்தில் அமர்த்தக் கூடாது என்ற விதியால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆசிரியப் பணி கிடைக்கவில்லை. ஜெர்மன் மொழிக் கடிதங்களைக் கவனிக்கும் உதவியாளர் என்ற பெயரில் ஒரு சிறு தொகையும் வேலை செய்ய ஓர் இடமும் தரப்பட்டன. அந்த நிலையிலும் ராபர்ட் சாக்ஸ் என்ற மாணவரின் முனைவர் பட்ட ஆய்வுக்கு அவர் வழிகாட்டினார். அடுத்து நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அறை உண்டு, ஊதியம் இல்லை. 1941 இல் சாரா லாரன்ஸ் கல்லூரி ஊதியத்துடன் பகுதிநேர ஆசிரியப் பணி அளித்தது; போர்க்காலத்தில் வேதியியலாளர் ஹெரால்டு யூரேயின் தலைமையில் யுரேனிய ஐசோடோப்புகளை (நிறையில் வேறுபடும் வகைகளை) பிரிக்கும் ஆய்வில் ஈடுபட்டார்.

1946 இல் சிகாகோ சென்றபோது கிடைத்த இணைப் பேராசிரியர் பதவிக்கும் ஊதியம் கிடையாது. அருகிலிருந்த ஆர்கோன் தேசிய ஆய்வுக்கூடத்தில் ஊதியத்துடன் பகுதிநேரப் பணிக்கு அவரை அழைத்தவர், பால்டிமோரில் அவரிடம் பயின்ற அதே சாக்ஸ்தான். அணுக்கரு இயற்பியலில் அவர் முழுமூச்சாக இறங்கியது அங்கேதான்.

பதில் 2:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இயற்பியலாளர் எட்வர்ட் டெல்லருடன் சேர்ந்து தனிமங்களின் தோற்றத்தை ஆராய்ந்தபோது, புரோட்டான் அல்லது நியூட்ரான் எண்ணிக்கை 50, 82 போன்றவையாக இருக்கும் அணுக்கருக்கள் வழக்கத்துக்கு மாறான அளவில் நிலைத்திருப்பதை அவர் கவனித்தார். 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற இவற்றை மாய எண்கள் என்பார்கள். துகள்கள் சுருள்வில்லில் கட்டியவை போல அலைவதாகக் கொள்ளும் எளிய அலையியற்றி மாதிரியின்படி கணக்கிட்டால் 2, 8, 20 வரை சரியாக வரும். அதன் பிறகு 40, 70, 112 என்று விலகிவிடும். ஒவ்வொரு துகளின் தற்சுழற்சிக்கும் அணுக்கருவுக்குள் அதன் சுற்றியக்கத்துக்கும் இடையிலான இணைப்புக்கு ஏதேனும் சான்று உண்டா என்று என்ரிக்கோ ஃபெர்மி கேட்ட ஒரு கேள்வி இந்த முடிச்சை அவிழ்த்தது. அந்த இணைப்பு வலுவாக இருந்தால், இரண்டு இயக்கங்களும் ஒரே திசையில் அமைந்த ஆற்றல் மட்டம் கீழே இறங்கி, முந்தைய கூட்டோடு சேர்ந்துகொள்ளும். அப்படி இறங்கும் மட்டங்களில் முறையே 8, 10, 12, 14 துகள்களுக்கு இடமுண்டு. 20 உடன் 8 சேர்ந்தால் 28. 40 உடன் 10 சேர்ந்தால் 50. 70 உடன் 12 சேர்ந்தால் 82. 112 உடன் 14 சேர்ந்தால் 126. தாளில் ஒருமுறை எழுதிப் பாருங்கள். இவ்வளவு சிக்கனமான விடை இயற்பியலில் அரிது.

அதே காலத்தில் ஜெர்மனியில் ஹான்ஸ் யென்சனும் அவருடைய இரு சகாக்களும் தனியாக இதே முடிவை அடைந்தனர். போட்டியாளரான யென்சனோடு மேயர் மனக்கசப்பு கொள்ளாமல் அவருடன் சேர்ந்தே 1955 இல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1963 இன் பரிசில் பாதியை யூஜின் விக்னர் பெற, மறுபாதியை இவர்கள் இருவரும் பகிர்ந்துகொண்டனர்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அவருடைய முனைவர் பட்ட ஆய்வு பிற்பாடு பயன்பட்டதா?

பதில் 3:
பயன்பட்டது, ஆனால் தாமதமாக. ஓர் அணு ஒரே நேரத்தில் இரண்டு ஃபோட்டான்களை (ஒளித் துகள்களை) உட்கவர முடியும் என்பதே அந்த ஆய்வின் சாரம். அதற்குத் தேவையான ஒளிச்செறிவு அன்றைய விளக்குகளில் கிடைக்காததால், லேசர் வந்த பிறகு 1961 இல்தான் சோதனையில் அது உறுதியானது. இன்று உயிருள்ள திசுக்களின் ஆழத்தைப் படமெடுக்கும் இரு ஃபோட்டான் நுண்ணோக்கிகள் இந்த விளைவைக் கொண்டே இயங்குகின்றன. அந்த உட்கவர்தலை அளக்கும் அலகுக்கும் கோப்பெர்ட் மேயர் என்றே பெயர்.