உலாவியைப் பிறர் கைப்பற்றுவதற்குத் தமிழில் என்ன பெயர்?

கொக்குவில் ஆசிரியை:

அன்புடையீர், எமது சனசமூக நிலையத்தில் பெற்றோருக்காக நடத்தும் கணினி வகுப்பின் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். இரண்டு சொற்களில் தடைப்பட்டு நிற்கிறேன். இலவச மென்பொருள் ஒன்றை நிறுவும்போது அதனோடு ஒட்டிக்கொண்டு வந்து, உலாவியின் முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் கேளாமலே மாற்றிவிடுவது ஒன்று. நாம் எங்கே போகிறோம், எதைத் தட்டச்சிடுகிறோம் என்று பார்த்து வெளியே அனுப்புவது மற்றொன்று. பிரவுசர் ஹைஜாக்கர், ஸ்பைவெயார் என்று எழுதினால் அம்மாமார் எழுத்துக்கூட்டி வாசிப்பார்களே தவிர விளங்கிக்கொள்ளமாட்டார்கள். 'உலாவிக் கடத்தி', 'ஒற்றுநிரல்' என இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். (பிரவுசருக்கு உலாவியா, மேலோடியா என்ற பழைய வழக்கை இதில் எடுக்கவேண்டாமெனத் தாழ்மையுடன் கேட்கிறேன்.)

பருத்தித்துறை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'ஒற்று' நல்ல தெரிவு. 'துறந்தார் படிவத்தராகி' என்று ஒற்றாடலில் வள்ளுவர் சொன்னது, வைரசை நீக்கித் தருகிறேன் என்று தானே வந்து நிற்கும் போலி மென்பொருளுக்கு அப்படியே பொருந்தும். கடத்தியைத்தான் ஏற்கமுடியவில்லை. பகைவரின் ஆநிரையைக் கவர்தலைப் பாடும் வெட்சித்திணை நமக்கு இருக்கிறது. ஆநிரையைக் கவருமுன் ஒற்றரால் நிலைமையை அறிந்துவருவதைத் தொல்காப்பியர் 'வேய்' என்றார். ஆதலால் ஸ்பைவெயார் வேய்நிரல், ஹைஜாக்கர் வெட்சிநிரல், பறிபோனதை மீட்பது கரந்தைநிரல். பிற்கால இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலை கரந்தையைத் தனித்திணையாகப் பிரித்தது. தொல்காப்பியரோ வெட்சியுள்ளேயே அடக்கினார். கவரவந்த நிரலே மீட்கவந்த நிரல்போல் வேடமிடும் இக்காலத்தில் தொல்காப்பியர் பக்கமே நியாயம் என்பேன்.

திருநெல்வேலி (யாழ்ப்பாணம்), பௌதிகவியல் ஆசிரியர்:

ஐயாவின் விளக்கம் சுவையானது. ஆனால் வெட்சி என்றால் என் மாணவர் பூமரத்தையே நினைப்பர். கடத்தி என்றாலோ செம்புக்கம்பியை நினைப்பர். குறைகடத்தியும் எமக்குப் பாடத்தில் உண்டு. மேலும், கடத்தப்பட்டது இடம்மாற வேண்டும். உலாவியோ இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு வேறொருவருக்கு வேலைசெய்கிறது. இந்த மண்ணில் கடத்தல் என்ற சொல்லுக்கு இருக்கும் கனத்தை மறந்து, அதை வகுப்பில் இலேசாகச் சொல்ல எனக்கு மனமுமில்லை. 'உலாவி அபகரிப்பு' என்று வையுங்கள். காணி அபகரிப்புப் பற்றிப் பத்திரிகையில் வாசித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை: உறுதிப்பத்திரம் எங்கள் பெயரில் இருக்கும், குடியிருப்பவர் வேறொருவர். ஒற்றுநிரலும் வேண்டாம்; அயலவர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன், க், ச், த், ப் போட்டுத் தரும் மென்பொருளா, எங்கே தரவிறக்கலாம் என்று கேட்டார். உளவுநிரல் போதும்.

பருத்தித்துறை:

அபகரிப்பு வடசொல். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அந்த ஊருக்கு அயலிலிருந்து இதற்கொரு தமிழ்ச்சொல் பிறக்காதா? கவர்நிரல் என்றாவது எழுதுங்கள்.

திருநெல்வேலி:

கிறீனுடைய உடற்கூற்று நூலின் பெயர் அங்காதிபாதம், ஐயா. அதில் தமிழ் எவ்வளவு என்று தாங்களே சொல்லுங்கள்.

கொக்குவில்:

தனிமடலில் எழுதியவர்களும் பெரும்பாலும் அபகரிப்பையே கேட்டதால், 'உலாவி அபகரிப்பு', 'உளவுநிரல்' என்று முடித்துவிட்டேன். சொல்லைவிட அதன் கீழே வரும் பகுதிக்குத்தான் இடம் தேவைப்பட்டது: தாம் நிறுவாத நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்) நீக்குதல், உலாவியின் அமைப்புகளை மீளமைத்தல், திரையிலுள்ள குறுக்குவழியின் (ஷார்ட்கட்) இலக்குப் பெட்டியில் வேற்று இணைய முகவரி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தல், கடவுச்சொற்களைப் பாதிக்கப்படாத வேறொரு கணினியிலிருந்து மாற்றுதல். இப்பகுதிக்குக் கரந்தை என்று தலைப்பிட ஆசைதான். 'மீட்டல்' என்றே போட்டிருக்கிறேன். ஐயா பொறுத்தருள்க.

பருத்தித்துறை:

பொறுத்தேன், ஏற்கவில்லை என்பதையும் பதிவுசெய்க. வடசொல்லைத்தான் வைப்பதென்றால், 'உலாவியபகரிப்பு' என்று உடம்படுமெய் கொடுத்தாவது சேர்த்தெழுதவும்.