பழைய பிளக்-இன் ஹைபிரிட் வாங்கலாமா? லீற்றருக்கு எவ்வளவு ஓடும் என்பதில் யாரை நம்புவது?

பாலையூற்றுத் தம்பி:
வணக்கம். 2014 மிட்சுபிஷி அவுட்லாண்டர் பிளக்-இன் ஹைபிரிட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வீட்டில் சார்ஜ் ஏற்றினால் கரண்டிலும், பற்றரி தீர்ந்தால் பெற்றோலிலும் ஓடும் கார். எனக்கு வேலை திருகோணமலை நிலாவெளியில், ஒரு ஹோட்டலில். வீட்டிலிருந்து போய்வர 38 கிலோமீற்றர். மாதம் ஒருமுறை கொழும்பு. விசாரித்த இடமெல்லாம் வேறு வேறு கதை. பெற்றோலே தேவையில்லை என்கிறார் ஒருவர். லீற்றருக்கு 13தான் என்று தலையில் கை வைக்கிறார் இன்னொருவர். இரண்டு பேரிடமும் இருப்பது இதே கார். வைத்திருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

உவர்மலை டீச்சர்:
தம்பி, இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். ஒருவர் தினமும் சார்ஜ் ஏற்றுகிறவர், மற்றவர் ஏற்றாதவர். இந்தக் காருக்கு லீற்றர் கணக்கை மட்டும் சொன்னால் அது பாதிக் கணக்கு.

நான் கணிதம் படிப்பித்தவள். 2018இல் இதே 2014 மாடலை வாங்கிய நாளிலிருந்து ஒரு சி.ஆர். கொப்பி காருக்குள்ளேயே கிடக்கிறது. ஒரு பக்கம் கரண்ட் யூனிட், மறுபக்கம் லீற்றர். ஒரு மாதத்தை அப்படியே எடுத்துச் சொல்கிறேன். ஊருக்குள் 640 கிலோமீற்றர், கொழும்பு போய்வந்தது 540. ஏற்றிய கரண்ட் சுமார் 200 யூனிட், ஊற்றிய பெற்றோல் 37 லீற்றர். ஊர் ஓட்டத்தில் ஒரு சொட்டுப் பெற்றோலும் போகவில்லை. கொழும்புப் பயணத்தில் முதல் 35 கிலோமீற்றர், அதாவது கந்தளாய்க்குக் கிட்டப் போகும்வரை, பற்றரி இழுத்தது. மீதி முழுக்க எஞ்சின், லீற்றருக்குப் பதின்மூன்றரை. வெள்ளவத்தையில் தங்கச்சி இருப்பது மூன்றாம் மாடி, அங்கே சார்ஜ் ஏற்ற வழியில்லை. மாதத்தை மொத்தமாக வகுத்தால் லீற்றருக்கு 32. இந்த 32ஐ மட்டும் உங்களிடம் சொல்லி வாங்க வைத்தால் அது நான் செய்யும் அநியாயம். கொழும்புக்கு இரண்டு தரம் போன மாதம் அது 23க்கு இறங்கிவிடும்.

கம்பனிக் கணக்கும் இப்படித்தான். ஐரோப்பாவில் 100 கிலோமீற்றருக்கு 1.9 லீற்றர் என்று போட்டிருந்தார்கள். அந்தப் பழைய சோதனை முறையில், முழுச் சார்ஜில் 52 கிலோமீற்றர் ஓடி, பிறகு 25 கிலோமீற்றர் மட்டும் எஞ்சினில் ஓடி, உடனே திரும்பவும் சார்ஜ் ஏற்றுவீர்கள் என்று வைத்துக்கொண்டு வகுப்பார்கள். நம் வாழ்க்கை அப்படி ஓடாது. ஜப்பான் கணக்கில் மின்சாரத்தில் மட்டும் 60.2 கிலோமீற்றர். எனக்கு, ஏசி போட்டு, பத்து வயது தாண்டிய பற்றரியில், 35 அல்லது 36. திருகோணமலை வெயிலில் ஏசி இல்லாமல் ஓடிப் பார்த்துச் சொல்லும் கணக்கை நம்ப வேண்டாம்.

அப்புறம், ஒரு முக்கியமான விஷயம். முதல் மூன்று மாதம் வீட்டில் இருந்த சாதாரண பிளக் பொயின்றில்தான் ஏற்றினேன். பத்து அம்பியர், வெறும் பற்றரி நிறைய ஐந்து மணித்தியாலம். வயரிங் செய்தவர் தாராளமாகப் பாவிக்கலாம் என்றார். ஒரு நாள் காலையில் பிளக்கைக் கழற்றக் கை வைத்தேன், அடுப்பில் இருந்து இறக்கிய தாச்சிப் பிடி போலச் சுட்டது. கழற்றிப் பார்த்தால் பொயின்றின் ஒரு துளையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் மண்ணிறமாகி உருகத் தொடங்கியிருந்தது. சாமான் அறை, பக்கத்திலேயே அரிசி மூட்டை. இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. காரில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் தனி வயர், தனி பிரேக்கர், நல்ல பொயின்ற் போடும் செலவை காரின் விலையோடு சேர்த்துத்தான் பாருங்கள். கரண்ட் பில்லும் ஏறும். மாதம் 180 யூனிட்டைத் தாண்டினால் ஆக மேல் கட்டண அளவுக்குப் போய்விடுவீர்கள். நேரத்துக்கேற்ற கட்டணம் உங்கள் இணைப்புக்குக் கிடைக்குமா என்று மின்சாரசபையில் கேளுங்கள். அதில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை குறைவு.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2022இல் பெற்றோல் வரிசை ஊரைச் சுற்றிக் கிடந்தபோது, மார்ச் கடைசியில் கரண்டும் 13 மணித்தியாலம் போனது. கரண்ட் வந்த நேரத்தில் ஏற்றி, அதை வைத்தே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்வந்தேன். கியூஆர் பங்கீட்டில் கார்களுக்கு வாரம் 20 லீற்றர் வந்த பிறகு, எனக்கு அதுவே மிஞ்சியது. பெற்றோல் ஊற்றாமல் மூன்று மாதம் போனால் எஞ்சின் தானாக ஓடத் தொடங்கும், பழுதென்று பயப்பட வேண்டாம். தாங்கியில் பெற்றோல் பழசாகாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள்.

கிண்ணியா நானா:
டீச்சர் சொன்னது அத்தனையும் சரி. நான் கராஜில் நிற்கிறவன், ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மீற்றரில் எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது என்பதை விடப் பற்றரியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேணும் தம்பி. காரின் கணினியை வாசிக்கும் ஓபிடி கருவியைக் கொழுவினால், பற்றரி எவ்வளவு கொள்ளும் என்பதை அம்பியர் மணி என்ற அளவில் காட்டும். புதிதில் 38 அளவு. 26, 27க்கு இறங்கியிருந்தால் நிலாவெளிக்குப் போய்வரும் வழியிலேயே எஞ்சின் எழும்பும். வாரா வாரம் கொழும்பு போகிறவராக இருந்தால் சார்ஜ் ஏற்றத் தேவையில்லாத சின்ன ஹைபிரிட் ஒன்றே போதும் என்பேன். இது 1,800 கிலோ வண்டி, பற்றரி தீர்ந்த பிறகு அந்தப் பாரம் முழுவதையும் பெற்றோல்தான் இழுக்க வேணும்.

பாலையூற்றுத் தம்பி:
டீச்சருக்கும் நானாவுக்கும் நன்றி. என் 38 சரியாக விளிம்பில் நிற்கிறது. ஹோட்டலில் கேட்டேன், ஜெனரேட்டர் அறைப் பக்கம் பகலில் சார்ஜ் ஏற்ற விடுவார்களாம், யூனிட்டுக்குக் காசு கொடுக்க வேண்டும். விற்பவர் சனிக்கிழமை காரை ஒரு நாள் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இரவு முழுக்க ஏற்றிவிட்டு, ஞாயிறு காலை நிலாவெளிக்குப் போய்வந்து பார்க்கப் போகிறேன்.

உவர்மலை டீச்சர்:
பிளக்கை ஒரு மணித்தியாலத்துக்கு ஒருதரம் தொட்டுப் பாருங்கள். காலையில் போகாமல் நண்பகலில் போங்கள், ஏசியும் போட்டபடி. எஞ்சின் எந்த இடத்தில் எழும்புகிறது என்று குறித்து வந்து இங்கே எழுதுங்கள். அதன் பிறகு விலை பேசலாம்.