'லைன் ஷூட்டிங்': அளப்பா, சவடாலா?

குழுவினருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் விமானப்படைச் சொற்பட்டியலில் 'ஷூட் எ லைன்' என்பதற்குத் தமிழ்ச்சொல் மட்டும் இழுபறியாகவே இருக்கிறது. விமானிகள் மெஸ்ஸில் உட்கார்ந்து தங்கள் பிரதாபத்தை ஊதிப் பெருக்கிச் சொல்வதற்கு அன்றைய பேச்சுவழக்கு அது. பட்டியலில் 'தற்புகழ்ச்சி' என்று இருக்கிறது. இலக்கண உரை வாசனை அடிக்கிறது. 'புளுகு' போடலாம் என்றார் ஒருவர். அதுவும் ஒட்டாது.

பல ஸ்குவாட்ரன்களில் (விமானப்படைப் பிரிவுகளில்) 'லைன் புக்' என்று ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். எவராவது வாய்க்கு வந்தபடி அளந்தால், சொன்னதை அப்படியே அதில் எழுதி, பேரைப் போட்டு, கேட்டவர்கள் சாட்சிக் கையெழுத்தும் போடுவார்கள். "விமானம் தலைகீழாகக் கிடக்கிறது, மானியில் கம்பெனி பேரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை" என்கிற தினுசுப் பேச்சு. விடுகிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். இதில் யாரை யார் ஏமாற்றினார்கள், புளுகு என்பதற்கு?

உண்மையிலேயே கணக்குத் தப்பிய இடம் வேறு. 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டிஷ் தரப்பில் அறிவித்தார்கள். போருக்குப் பின் ஜெர்மன் ஆவணங்களைப் பார்த்தால் 60-ஐ ஒட்டித்தான் வருகிறது. ஒரே விமானத்தை இரண்டு மூன்று பேர் சுட்டுவிட்டு ஆளுக்கொன்று என்று நம்பிச் சொன்னதுதான் பெரும்பாலும் காரணம். அதற்கு லைன் என்று பேரில்லை.

என் பரிந்துரை 'அளப்பு'. கதை அளக்கிறான், அளந்து விடுகிறான் என்பதெல்லாம் ஏற்கெனவே நம் வாயில் இருப்பவை. நோட்டுக்கு 'அளப்பேடு'.

-----

ஐயா, வணக்கம்.

விமானம் பற்றிய நூலில் 'அளப்பு' என்றால் உயரத்தை அளப்பதோ என்று வாசகர் குழம்பமாட்டாரா? புறத்திணையில் வீரன் தன் பெருமை பேசுவதற்கு 'நெடுமொழி' இருக்கிறதே, கம்பீரமாகவும் இருக்கிறது. வேண்டாமென்றால் 'சவடால்' போடலாம்.

-----

அம்மா, நல்ல கேள்வி.

கருவிகளுக்கு நாம் உயரமானி, வேகமானி என்றும், அளப்பதற்கு அளவீடு என்றும் போட்டுவிட்டோம். 'அளப்பு' சும்மாதான் கிடக்கிறது, மோதாது.

நெடுமொழியின் கம்பீரம்தான் இங்கே இடிக்கிறது. அது போர்க்களத்தில், பகைவன் காதில் விழச் சொல்வது. 'என்னைமுன் நில்லன்மின் தெவ்விர்' (பகைவரே, என் தலைவன் முன் நிற்காதீர்கள்) என்ற குறளில் வீரன் தன் தலைவனைத்தான் தூக்கிப் பேசுகிறான், தன்னை அல்ல. லைன் விடுகிறவன் எதிரே பகைவனா இருக்கிறான்? பீர் கோப்பையோடு கூட்டாளிகள்தான். சவடாலுக்கும் அதே சிக்கல்: 'வந்து பார்' என்கிற மிரட்டல் அதில் கலந்திருக்கிறது, அடிக்க ஓர் எதிராளி வேண்டும். அளப்புக்குக் கேட்க ஆள் இருந்தால் போதும்.

ஒன்று பாக்கி. அவர்கள் தனி வாக்கியத்தையும் 'எ லைன்' என்பார்கள். அதற்கு 'ஓர் அளப்பு' என்றே எழுதலாமா, இல்லை 'அளப்புரை' என்று பிரித்துக்கொள்ளலாமா? எனக்கு முதலாவது போதும் என்று படுகிறது. ஆட்சேபம் வராவிட்டால் அப்படியே ஏற்றிவிடுகிறேன்.